ஹெபடைடிஸ் சி, சர்க்கரை இரண்டும் சேர்ந்து இருந்தால் எதை முதலில் கவனிப்பது?

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருப்பதாகவும் வந்துவிட்டது. கல்லீரல் டாக்டர் வைரஸுக்கு மருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். வீட்டில் உள்ளவர்களோ, சில சமயம் சர்க்கரை பார்க்கும் டாக்டரே கூட, "முதலில் சுகர் கன்ட்ரோலுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் பலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்கள் காத்திருக்கக் கூடாது. வைரஸ் மருந்தை இப்போதே ஆரம்பித்துவிட்டு, சர்க்கரை மருந்தை அதோடு சேர்த்து மாற்றிக்கொண்டே போவதுதான் சரி. ஏன் என்பதையும், எந்தச் சூழ்நிலையில் நானே வேறு மாதிரி சொல்வேன் என்பதையும் கீழே எழுதுகிறேன். இறுதி முடிவு உங்களைப் பரிசோதிக்கும் டாக்டரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது, ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

முதலில், இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1994-லேயே, சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிய நிலை) வந்த நோயாளிகளில் இந்த வைரஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகமாக இருக்கிறது என்று ஒரு ஆய்வு சொன்னது. 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் இந்த வைரஸ் உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த அளவு குறைந்து, ஏறக்குறைய 1.7 மடங்கு என்று நின்றது. குறைந்தாலும் சம்பந்தம் மறையவில்லை. வைரஸின் உள்ளே இருக்கும் ஒரு புரதம் கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்சுலின் தரும் கட்டளையை உள்ளே கடத்தும் புரதங்களைச் சிதைத்துவிடுகிறது, கூடவே அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் ஏற்றிவிடுகிறது. விளைவு, இன்சுலின் இருந்தும் வேலை செய்வதில்லை, கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. வைரஸ் மூன்றாம் மரபணு வகையாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் வைரஸின் நேரடி வேலையாகவே நடக்கிறது. குண்டாக இல்லாதவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சர்க்கரை நோய் இருந்தால் கல்லீரலில் தழும்பு ஏறும் வேகம் கூடுகிறது, கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆக, வைரஸ் சர்க்கரையை ஏற்றுகிறது, சர்க்கரை கல்லீரல் கெடுவதை விரைவுபடுத்துகிறது. இதில் எது முதலில் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கல்லீரலுக்குத்தான் நஷ்டம்.

அப்படியானால் "சுகர் முதலில்" என்ற யோசனை எங்கிருந்து வந்தது? வெறும் பழக்கத்தில் வந்ததல்ல, அதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 2010-க்கு முன்பு சிகிச்சை என்றால் வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, 24 அல்லது 48 வாரம். இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத நிலை, அதிகம் உள்ளவர்களுக்கு அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. இன்டர்ஃபெரானே சிலருக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும், அரிதாக முதல் வகை சர்க்கரை நோயே வந்துவிடும். அந்த நிலையில் சர்க்கரையைச் சரிசெய்துவிட்டு ஊசியை ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு கதையே மாறிவிட்டது. இப்போதைய மாத்திரைகள் வைரஸை நேரடியாகத் தாக்குபவை, 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் போய்விடுகிறது, சர்க்கரை நோயாளிகளிலும் கிட்டத்தட்ட அதே பலன். காரணம் போய்விட்டது, அறிவுரை மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது.

சரி, சர்க்கரையை முதலில் பார்த்தே ஆக வேண்டிய நிலைமை உண்டா? உண்டு. சர்க்கரை தாறுமாறாக ஏறி வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று இருப்பவர், பரிசோதனையில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) தெரிபவர், காலில் ஆழமான புண்ணோடு தொற்று ஏறியிருப்பவர் ஆகியோருக்கு அவசர சிகிச்சைதான் முதலில். அது சில நாள்கள், அதிகபட்சம் சில வாரங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 9 இருக்கிறது, 7-க்கு வந்த பிறகு வைரஸைப் பார்க்கலாம் என்பது அந்த வகையில் சேராது. வைரஸ் உள்ளே இருக்கும் வரை அந்த 7 வருவதே கஷ்டமாக இருக்கலாம் என்பதுதான் விஷயம்.

வைரஸ் போனால் சர்க்கரை எவ்வளவு குறையும்? இங்கே ஆசை காட்டக் கூடாது, உள்ளதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியான பெரிய ஆய்வில், வைரஸ் போனவர்களில் தொடக்க ஹெச்பிஏ1சி அதிகமாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 0.98 புள்ளி இறங்கியது, மருந்து பலிக்காதவர்களுக்கு 0.65 இறங்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 0.33 புள்ளி. வைரஸ் போனவர்களில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களின் பங்கு 41 சதவீதத்திலிருந்து 38 சதவீதத்துக்கு வந்தது. சர்க்கரை நோய் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு மாத்திரையைக் குறைக்கும் அளவுக்கு, சிலருக்கு அதற்கு மேலும், பலன் கிடைக்கிறது. அதுவும் வேறு காரணத்துக்காக எப்படியும் சாப்பிட வேண்டிய மருந்தின் கூடுதல் பலனாக. வைரஸ் போன பிறகு எடை ஏறவிட்டால் இந்தப் பலன் சில வருடங்களில் கரைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் வைரஸ் போன பிறகு ஏறுவதும் சகஜம், அதைப் பார்த்து மருந்து கெடுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்; வைரஸ் அடக்கி வைத்திருந்த அளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதற்கான சிகிச்சை தேவையா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு அவசரம் என்பதை ஓரளவுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு, சாதாரண ரத்தப் பரிசோதனை எண்களே போதும். இதற்கு வேண்டியவை வயது, கல்லீரல் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு என்சைம் அளவுகள், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை. மேலே, வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்க வேண்டும். கீழே, தட்டணு எண்ணிக்கையை (ஆயிரக்கணக்கில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். மேலே வந்ததைக் கீழே வந்ததால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு வயது 56, ஏஎஸ்டி 78, ஏஎல்டி 82, தட்டணு 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். மேலே 56 பெருக்கல் 78, அதாவது 4,368. கீழே 140 பெருக்கல் 9.06, ஏறக்குறைய 1,268. விடை 3.44. இது 3.25-ஐத் தாண்டினால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம், 1.45-க்குக் கீழே என்றால் குறைவு, நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) போன்ற வேறு பரிசோதனை வேண்டும். ரிப்போர்ட்டில் ஏஎல்டி 82 என்று இருந்தால் "கொஞ்சம்தான் கூடியிருக்கிறது" என்று ஆறப்போட்டுவிடத் தோன்றும், அதே ரிப்போர்ட்டில் இருக்கும் தட்டணு எண்ணைச் சேர்த்துப் பார்த்தால்தான் வயிற்றில் புளி கரைகிறது. இந்த எண் உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை வாரம், பிறகு எத்தனை வருடம் கண்காணிப்பு என்று தீர்மானிக்க உதவுகிறது, அதனால் மருந்து ஆரம்பிக்கும் முன் இதைப் பாருங்கள்.

வைரஸுக்கு இப்போது முக்கியமாக இரண்டு தேர்வுகள். சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, தினமும் ஒன்று, 12 வாரம், சாப்பாட்டோடும் எடுக்கலாம் இல்லாமலும் எடுக்கலாம். மற்றொன்று கிளெகாப்ரெவிரும் பிப்ரென்டாஸ்விரும் சேர்ந்தது, தினமும் மூன்று மாத்திரை ஒரே வேளையில், சாப்பாட்டோடு மட்டும். முன்பு சிகிச்சை எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 8 வாரம் போதும். பலன் என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் இரண்டும் கொடுக்கப்படுகிறது. நான்கு வாரம் குறைவு என்பது நல்ல விஷயம்தான், ஆனால் சர்க்கரை நோயாளியின் மாத்திரைப் பெட்டியில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் உண்மையில் தேர்வை முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளில் பலர் கொழுப்பைக் குறைக்க ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் சாப்பிடுவார்கள்; அது 8 வார மருந்தோடு ஒத்துப்போகாது, நிறுத்த வேண்டும் அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். 12 வார மருந்தோடும் ஸ்டாடின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ரோசுவாஸ்டாடின் என்றால் 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒமெப்ரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை தினமும் சாப்பிடுபவருக்கு 12 வார மருந்துதான் தொந்தரவு, வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்படாஸ்விர் சரியாக உள்ளே போகாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவர் சோஃபோஸ்புவிரைத் தொடக் கூடாது, துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகும். வலிப்புக்குக் கார்பமசெபைன், ஃபெனிடாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இரண்டுமே சிக்கல்.

ஒரே ஒரு நிலையில் பேச்சுக்கே இடமில்லை. வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலையோ குழப்பமோ வந்திருக்கும் அளவுக்குக் கல்லீரல் சோர்ந்துவிட்டதென்றால் கிளெகாப்ரெவிர் மாத்திரை தடை. அப்போது சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விரோடு ரிபாவிரின் சேர்த்து 12 வாரம், அதுவும் கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனையின் கண்காணிப்பில். எந்த மருந்தாக இருந்தாலும் ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தே ஆக வேண்டும். சி போகும்போது அடங்கிக் கிடந்த பி தலைதூக்கி கல்லீரலைச் செயலிழக்கச் செய்த சம்பவங்கள் வந்ததால்தான் 2016 அக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளுக்கெல்லாம் கடுமையான எச்சரிக்கை போட்டது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை, அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது சர்க்கரை மருந்துகளுக்கு வருவோம், ஏனென்றால் வைரஸ் மருந்து ஆரம்பித்த பிறகு தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வைரஸ் அளவு முதல் சில வாரங்களிலேயே மளமளவென்று இறங்கிவிடும். அதோடு இன்சுலின் எதிர்ப்பும் குறையும், உடல் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். ஆனால் நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் அளவு பழைய உடம்புக்கு எழுதியது. காலை வெறும்வயிற்று அளவு 168, பிறகு 150, பிறகு 126 என்று குறிப்பேட்டில் அழகாக இறங்கிக்கொண்டு வரும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், ஐந்தாம் வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போகும்போது கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் 61 என்று காட்டும். அந்த 126-ஐப் பார்த்த அன்றே டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். இந்த வைரஸ் மருந்துகளோடு வரும் விவரத் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, குறிப்பாக முதல் மூன்று மாதம். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இதனால்தான் கிளிபென்கிளாமைடு, கிளிமெபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள்மேல் எனக்கு இந்த நேரத்தில் நம்பிக்கை குறைவு. கல்லீரல் பாதித்தவருக்கு அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கச் சேமித்த சர்க்கரையும் கம்மி, இந்த மாத்திரைகளோ சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வைரஸ் மருந்தோடு ஆரம்பத்திலேயே அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து, ஆனால் இன்சுலினில் ஒரு சௌகரியம், நாளைக்கே இரண்டு யூனிட் குறைத்துவிடலாம். கல்லீரல் மோசமாகச் சோர்ந்துவிட்டவர்களுக்கு இன்சுலினைவிடப் பாதுகாப்பானது பெரும்பாலும் கிடையாது.

மெட்ஃபார்மினைப் பற்றித்தான் தேவையில்லாத பயம் அதிகம். கல்லீரல் நோய் என்றதும் அதை நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் வரை, சிரோசிஸ் இருந்தாலும்கூட, அதைத் தொடரலாம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், சிரோசிஸ் தெரிந்த பிறகும் மெட்ஃபார்மினைத் தொடர்ந்தவர்கள் இடைநிலை அளவில் 11.8 வருடம் வாழ்ந்தார்கள், நிறுத்தியவர்கள் 5.6 வருடம். பழைய மருத்துவப் பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு என்பதால் முழு வித்தியாசத்தையும் மருந்தின் கணக்கில் போட முடியாது, ஆனாலும் கல்லீரல் நோய் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்துவதற்கு ஆதாரம் இல்லை என்று இது காட்டுகிறது. நிறுத்த வேண்டிய இடங்கள் வேறு: சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே, கல்லீரல் சோர்ந்த நிலை, தொடர்ந்து மது. இந்த மூன்றிலும் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து இருக்கிறது.

மற்றவை எல்லாம் ஆளைப் பொறுத்து. எடை அதிகமாக, கல்லீரலில் கொழுப்பும் இருப்பவருக்கு செமாக்ளூடைடு போன்ற ஊசிகள் நல்ல தேர்வு, தாழ்சர்க்கரை பயமும் குறைவு. பயோகிளிட்டசோன் கல்லீரல் கொழுப்புக்கு உதவும், ஆனால் உடலில் நீர் தங்கும், இதயம் பலவீனமானவருக்குக் கூடாது. எம்பாகிளிஃப்ளோசின் வகை சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லது, சிரோசிஸ் முற்றியவருக்கு உடலில் நீர் வற்றும் அபாயம் யோசிக்க வேண்டியது. வில்டாகிளிப்டின் எடுப்பவர்கள் ஏஎல்டியைப் பார்க்க வேண்டும், இயல்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் அந்த மருந்து வேண்டாம்.

கண்காணிக்க ஹெச்பிஏ1சியா, வீட்டு மீட்டரா? இந்தக் காலகட்டத்துக்கு மட்டும் மீட்டர்தான், சந்தேகமே வேண்டாம். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி, ஐந்தாம் வாரம் நடப்பது அதில் தெரியாது. தவிர, சிரோசிஸில் மண்ணீரல் வீங்கிச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ரிபாவிரின் சேர்ந்தால் இன்னும் மோசம். 6.1 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவரின் மீட்டரில் சாப்பிட்ட பிறகு 240 இருப்பது நடக்கக்கூடியதுதான். வெறும் வயிற்றில் ஒன்று, ஏதாவது ஒரு சாப்பாட்டுக்கு முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ ஒன்று என்று முதல் மூன்று மாதமாவது பார்த்து எழுதுங்கள்.

ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பி வைரஸுக்கும் சர்க்கரைக்கும் நேரடி உறவு இவ்வளவு பலமாக இல்லை, சிரோசிஸ் வந்த பிறகுதான் அதிகம் தெரிகிறது. மருந்தும் பன்னிரண்டு வாரத்தில் முடிவதில்லை, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில். அதனால் அங்கே கேள்வி, மருந்து ஆரம்பிப்பதா, கண்காணித்துக்கொண்டு இருப்பதா என்பது. 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் சர்க்கரை நோயாளிகளுக்கு இதை எளிதாக்கிவிட்டது: சர்க்கரை போன்ற கூடுதல் நோய் இருந்தால் வைரஸ் அளவு, ஏஎல்டி எதுவாக இருந்தாலும் சிகிச்சைக்குத் தகுதி உண்டு. "உங்கள் வைரஸ் தூங்குகிறது, வருடம் ஒரு முறை வாருங்கள்" என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்ட சர்க்கரை நோயாளிகள் மறுபடி போய்க் கேட்கலாம். மருந்தில், பழைய டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடும், சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் டெனோஃபோவிர் அலாஃபெனமைடோ என்டெகாவிரோ மேல். முன்பு லாமிவுடின் சாப்பிட்டவருக்கு என்டெகாவிர் ஏற்றதல்ல, மருந்துக்கு அடங்காத வைரஸ் இருக்கலாம்.

ஹெபடைடிஸ் சி மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும், வைரஸையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய புரதத்தைப் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலோருக்கு அதற்குப் பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும், புது இடத்தில் யாராவது அதைப் பார்த்து மறுபடி நோய் என்று சொல்வார்கள். மருந்துக்கு முன்பே சிரோசிஸ் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன் எடுப்பதை வைரஸ் போன பிறகும் நிறுத்தக் கூடாது, சர்க்கரையும் இருந்தால் இன்னும் கறாராக. பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுபவை, அதனால் விரலில் குத்திப் பார்க்கும் பேனாவை வீட்டில் சர்க்கரை உள்ள இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டிருந்தால் இன்றே தனித்தனியாக வாங்கிவிடுங்கள், அவருக்கும் இரண்டு வைரஸுக்கும் ஒரு முறை பரிசோதனை செய்துவிடுங்கள், பி இல்லையென்றால் அவருக்குத் தடுப்பூசியும் போட்டுவிடலாம்.